காதைப் பொத்திய கள்ளன்

"மணியைக் களவெடுக்கப் போனவன் தன்ட காதைப் பொத்தினானா? சரியான மடையனா ஈக்கானே!"

ரிஸ்மி சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் மூக்கில் ஏறியது. கண்டியில் புடவைக்கடைக்கென்று தினமும் கிளம்பிப் போகிறவன் அவன். இன்றும் தொப்பலாக நனைந்து வந்து, தலையைத் துவட்டிவிட்டு அப்போதுதான் கதிரையில் சாய்ந்திருந்தான்.

"மணி சத்தம் போட்டிச்சி. தனக்குக் கேக்காட்டி ஊருக்கும் கேக்காதுன்னு நினைச்சிட்டான். அதுதான் யென் அர் தாவ் லிங்," என்றாள் அவன் மனைவி நப்லா, அவனுடைய சட்டையை அயர்ன் பண்ணியபடி.

"எங்கட பூனை கண்ணை மூடின கதைதான். இதுக்கா சைனீஸ் வகுப்பு?"

மறுநாள் அவளுக்கு ஒரு ஹோட்டலில் இன்டர்வியூ. சீனாக்காரர்களை வரவேற்கும் வேலை. சீனப் பழமொழி ஒன்றைச் சொல்லி, சொந்த வாழ்க்கையிலிருந்து உதாரணமும் சொல்ல வேண்டுமாம்.

உதாரணத்துக்கா பஞ்சம்? அவர்கள் இருந்த கடுகண்ணாவை என்ற ஊர்த் தெருவில், ஒரு வீட்டுச் சட்டியில் என்ன கறி என்பது மூடி திறக்குமுன்னே மற்ற வீடுகளுக்குத் தெரிந்துவிடும்.

"ஸெய்னுலாப்தீன் ஹாஜியாரைச் சொல்லேன்," என்றான் ரிஸ்மி. "மனுசனுக்குச் சீனி வருத்தம், இனிப்பே ஆகாது. கல்யாண ஊட்டுல சஹனைச் சுத்திக் குந்தி எல்லாரும் ஒரே தட்டுல திங்கிறோம். இவர் தொப்பியைக் கண்வரைக்கும் இறக்கிட்டு, என்ட பங்கு வட்டிலப்பத்தையும் சேத்துத் திங்கிறார். யாரும் காணலயாம்!"

நப்லாவுக்கும் சிரிப்பு வந்தது. "பொருத்தமாத்தான் ஈக்கி. ஆனா அது அடுத்த ஊட்டுக் கதை. எங்கட ஊட்டுக் கதையத்தான் கேப்பாங்க."

"எங்கட ஊட்டுல மறைக்கிறதுக்கு என்ன ஈக்கி? வேலை கிடைக்காட்டிப் போகட்டும் விடு. கடையில சனம் தாங்கல்ல. முதலாளி சம்பளமும் கூட்டப் போறாராம்."

"இல்லங்க. இந்த வேலை எனக்குக் கிடைச்சே ஆகணும்."

"பெரிய பிடிவாதம்!"

நப்லா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பிறகு தடுமாறாமல் நீளமாக ஒரு சீன வாக்கியம் சொன்னாள். அதில் யென் அர் தாவ் லிங் மட்டும் அவனுக்குப் பிடிபட்டது.

"அட! உதாரணம் கிடைச்சிட்டா? ஆரைப் பத்தி?"

நப்லா சட்டையை மடித்து அவன் மடியில் வைத்தாள். அதன் மேல் குடையையும் வைத்தாள்.

"நாளைக்கு இதை மறக்காமக் கொண்டு போங்க. கடையை ஒரேயடியா மூடின நாள்ல இருந்து நனைஞ்சிட்டுத்தானே வாரீங்க? பகல் முழுக்க நீங்க குந்தியிருக்கிற வாவிக்கரை வாங்குப் பலகைக்குக் கூரை இல்லயே."