கங்கையாவின் அபிப்பிராயம்

"வாட் ஈஸ் யுவர் ஒப்பீனியன்?" என்று எல்லை விசாரணைக்கு வந்திருந்த அதிகாரி கங்கையாவைப் பார்த்துக் கேட்டார்.

கங்கையா என்னைப் பார்த்தான். மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியவன் நான். நான் மேசையைப் பார்த்தேன்.

மேசையின் மேல் இரண்டு மனுக்கள். எங்கள் கிராமம் ஆந்திராவிலேயே இருக்கட்டும் என்று கிருஷ்ணப்பா நாயுடு கொடுத்தது ஒன்று. சென்னை ராஜ்யத்தோடு சேர்த்துவிடுங்கள் என்று முனிரத்தினம் கொடுத்தது இன்னொன்று.

முதல் மனுவில் நாற்பத்தொன்றாவது பெயர் கங்கையா, தகப்பனார் பெயர் ரங்கையா, இடது பெருவிரல் ரேகை. இரண்டாவதில் நூற்றுப் பதினெட்டாவது பெயரும் அதே கங்கையா, அதே ரங்கையா, அதே இடது பெருவிரல்.

அறுநூறு ரேகைகளில் இது ஒன்றுதானா அந்த வடக்கத்தி அதிகாரியின் கண்ணில் பட வேண்டும்? எல்லாம் என் கிரகம்.

இரண்டு மனுவிலும், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், 'நேரில் விசாரித்தேன், ரேகைகள் இவர்களுடையவையே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பவன் நான். கோவர்த்தனன், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா.

வீடு வீடாகப் போய் விசாரித்திருக்க வேண்டும். அந்த வாரம் பார்த்துத் திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரை. பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்விட்டேன். திரும்பி வந்து ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு முடித்தேன். இது வெளியே வந்தால் என் உத்தியோகம் போச்சு.

இரண்டும் நான் வைத்ததுதான், ஒன்றைத் தெரியாமல் வைத்துவிட்டேன் என்று இந்தக் கங்கையா சொல்லிவிட்டால் பிழைத்தேன்.

"கங்கையா, தொரை உன் அபிப்பிராயத்தக் கேக்கறாரு" என்றேன்.

அவன் விழித்தான். தெலுங்கில் கேட்டேன். அதிலும் அந்த வார்த்தை அபிப்பிராயம்தான். அதற்கும் விழித்தான்.

ஒப்பீனியன் என்றால் என்னவென்று எனக்கா தெரியாது? பதினெட்டு வருஷமாக 'இன் மை ஒப்பீனியன்' என்று கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் தாசில்தாருடைய ஒப்பீனியன். எழுதியது மட்டும் என் கை.

அதிகாரி பொறுமையாக எனக்கே விளக்கினார். சாட்சி கேட்கவில்லையாம். சரி எது, தப்பு எது என்றும் கேட்கவில்லையாம். இந்த மனிதனுக்கு எது நல்லதாகப் படுகிறது, அவ்வளவுதானாம். ஒப்பீனியன், ஒப்பீனியன் என்று நாலு தடவை சொன்னார்.

கங்கையா ஜன்னலைப் பார்த்தான். விசாரணை நடந்த முசாபர் பங்களாவின் வாசல் புளியமரத்தடியில், ஒரு பக்கம் கிருஷ்ணப்பா நாயுடு நின்றிருந்தார். கங்கையாவின் குடிசை இருப்பது அவர் நிலத்தில். மறுபக்கம் முனிரத்தினம் நின்றிருந்தார். கங்கையாவின் பெண்டாட்டி செங்கம்மா வேலை செய்வது அவருடைய வேர்க்கடலைக் கொல்லையில்.

பாவம், அவன் எந்தப் பக்கத்தைச் சொன்னாலும் இன்னொருவர் அவனைச் சும்மா விடப் போவதில்லை. அது எனக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு என் பிழைப்புதான் பெரிதாக இருந்தது.

அவன் தோள் துண்டை எடுத்து இடது கையில் சுற்றிக்கொண்டு, அந்தக் கையை வயிற்றோடு அணைத்தபடி நின்றான். கை நடுங்குவதை மறைக்கிறான் என்று நினைத்தேன்.

"பயப்படாதய்யா. உன் மனசுல இன்னா தோணுதோ அத்தச் சொல்லு, போதும்" என்றேன். அதிகாரிக்குத்தான் தமிழ் தெரியாதே. அதே குரலில், சிரித்த முகமாக, இதையும் சேர்த்துச் சொன்னேன். "எதனா ஒண்ணச் சொல்லிட்டு, இன்னொண்ணு தெரியாம வச்சிட்டேன்னு சொல்லிடு. உனக்குப் புண்ணியமாப் போவும்."

"நான் எதுலயும் வெக்கல சாமி."

இதை எப்படி இங்கிலீஷில் சொல்வது? "யோசித்துச் சொல்கிறானாம் ஸார்" என்று மழுப்பினேன்.

அதிகாரி தலையாட்டினார். பிறகு தன் பெட்டியைத் திறந்து மை ஒத்தும் டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு வெள்ளைத் தாளையும் வைத்தார். புதிதாக ஒரு ரேகை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம், இடது கையை நீட்டச் சொல் என்றார்.

சொன்னேன். கங்கையா அசையவில்லை. மறுபடியும் ஜன்னலைப் பார்த்தான். நானே எழுந்து போய் அவன் துண்டைப் பிடித்து இழுத்தேன். என் அவசரம் எனக்கு.

நாலு விரல்தான் இருந்தது.

பெருவிரல் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று பழைய தழும்பு.

"எட்டு வருசமாச்சி சாமி" என்றான், ஏதோ அவன்தான் தப்புச் செய்துவிட்ட மாதிரி. "நாயுடு ஊட்டுக் கரும்பாலையில மாட்டிக்கிச்சி. ஆலை துன்னுடுச்சி."

ஜன்னலுக்கு வெளியே கிருஷ்ணப்பா நாயுடு சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். முனிரத்தினத்தை அங்கே காணவே இல்லை.

அதிகாரி அந்தக் கையை வெகுநேரம் பார்த்தார். மை டப்பாவை மூடினார். முதல் மனுவைப் புரட்டி அடியில் இருந்த கையெழுத்தைப் படித்தார். இரண்டாவதையும் புரட்டிப் படித்தார். பேனாவின் முனையை என் பெயரின் மேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"மிஸ்டர் கோவர்த்தனன், வாட் ஈஸ் யுவர் ஒப்பீனியன்?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. வாயைத் திறந்தேன். பதினெட்டு வருஷம் எழுதிய இங்கிலீஷில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. தமிழும் வரவில்லை.

கங்கையா என் முகத்தைப் பார்த்தான். அந்த வார்த்தை அதற்குள் அவனுக்குப் பழகிவிட்டிருந்தது. எனக்குத்தான் அது புரியவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது.

கிட்டே வந்து, நான் சொன்ன அதே பக்குவத்தில் மெதுவாகச் சொன்னான்.

"பயப்படாத சாமி. உன் மனசுல இன்னா தோணுதோ அத்தச் சொல்லு, போதும்."