வடிவு வேண்டாம், டொக்டர்!

“கையை எடு பிள்ளை. கனடாவிலை தாலி கட்டேக்கையும் இப்பிடித்தான் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கப் போறியோ?”

வெள்ளவத்தைப் பல் டொக்டர் சிவபாதசுந்தரம் அதட்டியதும் றஞ்சிதம் சிரித்துவிட்டாள். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு தீக்குச்சி தாராளமாக நுழையும். பின்னேரம் அவளுக்கு விமானம், ரொறொன்ரோவில் ஆறு வருடமாகக் காத்திருக்கும் மாப்பிள்ளை. அதற்குள் அந்த இடைவெளி மறைந்தாக வேண்டும்.

டொக்டருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். குண்டும் செக்பொயின்றுமாகக் கிடக்கிற கொழும்பில், கலியாணத்துக்குப் பல்லழகு பார்க்க எத்தனை பேர் வருகிறார்கள்? பற்களின் மேல் ஒட்டுகிற மெல்லிய பீங்கான் தகடுகளைப் போன கிழமையே செய்வித்து வைத்துவிட்டார். பெண்ணின் மாமா நாகேந்திரம் கொண்டுவந்த யாரோ ஒருத்தியின் சின்னப் படம்தான் மாதிரி.

“இதைவிட எடுப்பாச் செய்திருக்கலாம்,” என்று டொக்டர் குறைப்பட்டார்.

“வடிவு வேண்டாம், டொக்டர். அச்சு அசலா இருந்தாக் காணும்,” என்றார் மாமா.

“ஒரு பல்லு மற்றதிலை ஏறி நிக்குதே?”

“அதுதான் முக்கியம்!”

மாப்பிள்ளைக்குத் தெத்துப்பல் ஆசையாக்கும் என்று டொக்டர் தனக்குள் சிரித்துக்கொண்டார். ஆசை வந்தால் ஆருக்குத்தான் கணக்கு வழக்கு? தகடுகளை ஒட்டி, மினுக்கி, கண்ணாடியை அவள் கையில் கொடுத்தார்.

றஞ்சிதம் கண்ணாடியைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், திரும்பவும் கண்ணாடியைப் பார்த்தாள். “அப்பிடியே இருக்கு மாமா!” என்று கதிரையிலிருந்து துள்ளிக் குதித்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன. கலியாணத்தைத் தானே ஒப்பேற்றியது போல டொக்டருக்கு நெஞ்சு பூரித்தது.

“இனியென்ன, மாப்பிள்ளை கண்ட உடனை மயங்கி விழப்போறான்!”

“அவனோ? இவள் பொக்கைவாயோடை போய் இறங்கினாலும் தாலியோடை நிப்பான்,” என்றார் மாமா.

டொக்டர் திகைத்துப் போனார். “பிறகேன் ஐயா இந்தப் பாடெல்லாம்?”

மாமா எழுந்து கதவைச் சாத்தினார். சட்டைப்பையிலிருந்து ஒரு பாஸ்போட்டை எடுத்து விரித்துக் காட்டினார். உள்ளே அதே படம், அதே தெத்துப்பல்.

“பின்னேரம் எயாப்போட்டிலை இவள் றஞ்சிதம் இல்லை, டொக்டர். இந்தப் பாஸ்போட்டுக்காரி பேர்ணடெற்.”