சிவப்புக் கோட்டுக்குக் கீழே

மூன்று நாள் தொடர்ந்து தாமதமாக வந்த பத்தாம் தர மாணவி வினோஜா, ஒழுக்காற்றுக் குழுவின் முன் நின்றாள்.

"டீச்சர், இந்த விசாரணைய நானே பாத்துக்கட்டுமா?" என்று கேட்டார் பிரதி அதிபர் நுஹ்மான்.

"வேணாம் சேர். ஒழுக்கத்துக்குப் பொறுப்பு நான். யாரா இருந்தாலும் ஒரே சட்டந்தான்" என்ற பாலேஸ்வரி டீச்சர், மாணவியின் பக்கம் திரும்பினார். "உன் பக்க நியாயத்தச் சொல்லு. கேக்காம தண்டிக்கிறது முறையில்ல."

"வீட்டுல அம்மா ரெடியாக நேரமாகுது மிஸ். சாரிய ரெண்டு தடவ மாத்துறாங்க."

"பெத்தவங்க மேல பழி போடாத! அவங்க சாரிக்கும் நீ லேட்டா வர்றதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ரெண்டு பேரும் ஒரே த்ரீவீல்லதான் வர்றோம் மிஸ்."

"அதுக்கு ஆதாரம் இருக்கா?"

"இருக்கு மிஸ். நுஹ்மான் சேர்கிட்ட."

நுஹ்மான் நெளிந்தபடி ஆசிரியர் வரவுப் புத்தகத்தைத் திறந்தார். ஏழரைக்குப் பிறகு வரும் ஆசிரியர்கள் அதில் சிவப்புக் கோட்டுக்குக் கீழேதான் கையெழுத்திட வேண்டும். அந்த மூன்று நாளும் கோட்டுக்குக் கீழே ஒரே ஒரு கையெழுத்துத்தான் இருந்தது. பாலேஸ்வரி.

டீச்சர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். பிறகு, விறைப்புக் குறையாமல் எச்சரிக்கைக் கடிதத்தை எழுதி, அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடும் போட்டு நீட்டினார்.

"நாளைக்கு இதுல பெற்றோர் கையெழுத்து வாங்கிட்டு வா."

வினோஜா கடிதத்தை அப்படியே திருப்பி நீட்டினாள்.

"இங்கயே போட்டுடுங்கம்மா. இதுலயாவது கோட்டுக்கு மேல போடுங்க."