பதினெட்டாம் நம்பர் பெட்டி

"வெளிநாட்டு உத்தியோகம்னா அப்பனையும் கூட்டிக்கிட்டுப் போவியா?" தூதரகப் பணிக்குத் தேர்வான அன்று அப்பா கேட்டார். "உங்களை விட்டுட்டா போவேன்?" என்றாள் பூங்கோதை. இப்போது போகவேண்டிய ஊரோ சண்டை ஓயாத ஊர். குடும்பத்தைக் கூட்டிப்போக அனுமதியில்லை. உத்தரவு வந்து ஒரு மாதமாகியும், இன்று காலையில்தான் அதை அவரிடம் சொன்னாள். "சரிம்மா" என்றவர் மிச்சக் காபியையும் குடித்துவிட்டுத் துணிப்பையை எடுத்துக்கொண்டார். அவரை அழைத்துப்போக அண்ணன் கீழே காரில் காத்திருந்தான். வாசலில் அவர் செருப்பைக் காணவில்லை.

"அது பதினெட்டாம் நம்பர் பெட்டியில போயிருச்சு மேடம்," என்றார் பெட்டி கட்ட வந்த தணிகாசலம். "நேத்து பெரியவர்தான் துடைச்சுப் பேப்பர்ல சுத்திக் குடுத்தாரு. அந்த ஊர்க் குளிருக்கு இது தாங்குமான்னு வேற கேட்டாரு. தாங்கும் தாங்கும்னேன்."

பெட்டி நேற்றே துறைமுகத்துக்குப் போய்விட்டது. பட்டியலைப் புரட்டினாள். 'செருப்பு, ஆண், ஒரு ஜோடி, பழையது.' கீழே அவளுடைய கையெழுத்து.

"என் செருப்பையாவது போட்டுக்கோங்கப்பா." கழற்றி அவர் காலடியில் வைத்தாள்.

அப்பா அதைத் தாண்டி, கைப்பிடியைப் பிடித்தபடி, வெறுங்காலோடு படியிறங்கிப் போனார்.