இன்னும் கொஞ்சம் பெருசா

"தப்புப் பண்ணவங்களுக்குப் புது மானிட்டர். ஒழுங்கா வேலை செய்றவளுக்கு இந்த ஓட்டை ஸ்கிரீன். நல்லாருக்குலா நியாயம்!"

ஷாந்தினி முணுமுணுத்தாள். யாரும் கண்டுகொள்ளவில்லை.

மலாக்காவின் பத்து பெரண்டாம் வட்டாரத்தில் இருந்த அந்தச் சரக்குக் கம்பெனி ஆபீசில் மொத்தம் மூன்று கிளார்க்குகள். சீனியர் திலகா, ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்த தர்மேந்திரன், புதிதாகச் சேர்ந்த ஷாந்தினி. ஃபேக்டரிகளிலிருந்து கிளம்பும் கன்டெய்னர்களின் நம்பரைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவர்கள் வேலை. ஒரு நம்பர் மாறினாலும் பினாங்குக்குப் போக வேண்டிய சரக்கு ஜொகூரில் போய் நிற்கும்.

போன வாரம் அப்படி ஒன்று நின்றுவிட்டது. மூன்று இருக்க வேண்டிய இடத்தில் எட்டு.

பாஸ் கத்திய கத்தலில் தர்மேந்திரன் முகம் வெளுத்துவிட்டது. திலகாதான் எழுந்து, "என் தப்புதான் பாஸ். கடைசியா செக் பண்ணது நான். கண்ணுக்குச் சரியா படல" என்றாள்.

"இன்னொரு தடவை நடந்தா யாரா இருந்தாலும் வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டுப் போன பாஸ், இன்று காலை பெரிய மானிட்டர் ஒன்றை வாங்கி வந்து திலகா மேசையில் வைத்துவிட்டார்.

திலகா அதை மாட்டியதும் பக்கத்து மேசையைப் பார்த்தாள்.

"அண்ணே, கொஞ்சம் இங்க வந்து உக்காருங்களேன். எழுத்து எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

"உன் ஸ்கிரீனை நான் எதுக்கும்மா பாக்கணும்?" என்றார் தர்மேந்திரன்.

"எனக்கு எது நல்லாருக்குன்னே புரியலண்ணே. வாங்க."

அவர் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தார். திலகா பின்னால் நின்றுகொண்டாள்.

"ஜன்னல் வெளிச்சம் அடிக்குதா?"

"ஆமா, லேசா கூசுது."

மானிட்டரைப் பக்கவாட்டில் திருப்பினாள். ஸ்கிரீனின் வெளிச்சத்தைக் குறைத்தாள்.

"இப்ப?"

"இப்பப் பரவால்ல."

"பரவால்லன்னா தெரியுதா, தெரியலயா?"

"தெரியுது... எழுத்து இன்னும் கொஞ்சம் பெருசா இருந்தா, உனக்கு நல்லாருக்கும்."

திலகா பெரிதாக்கினாள். பிறகு இன்னும் பெரிதாக்கினாள். எழுத்தைக் கூர்மையாக்கும் செட்டிங் ஒன்றைத் திறந்தாள். ஒரே வாக்கியம் பல பெட்டிகளில் வந்து நின்றது.

"எந்தப் பெட்டில தெளிவா இருக்குண்ணே?"

"இதுல. இல்ல இல்ல, அதுக்குக் கீழ உள்ளதுல."

"மூணு, எட்டு ரெண்டையும் மாத்தி மாத்தி டைப் பண்ணுங்க. வித்தியாசம் தெரியுதா?"

தர்மேந்திரன் தட்டினார். பார்த்தார். சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அட, பளிச்சுன்னு தெரியுதே!"

ஷாந்தினிக்கு எரிச்சல் தாங்கவில்லை. வயசான மனுஷனை அவர் வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லி, கண்ணாடிக் கடை ஆள் மாதிரி என்ன அதிகாரம் இது! எழுத்தோ ஹைவே போர்டு மாதிரி நிற்கிறது. இதற்கா புது மானிட்டர்?

சாப்பாட்டு நேரம் முடிந்து வந்ததும் திலகா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"அலாமாக், இந்தப் பெரிய எழுத்து எனக்கு ஒத்தே வரலண்ணே. தலை சுத்துது. நீங்க இதை வச்சிக்குங்க. உங்க பழசை நான் எடுத்துக்கிறேன்."

"இவ்ளோ நேரம் உனக்காகத்தானே பண்ணோம்? எழுத்தைச் சின்னதாக்கிக்க வேண்டியதுதானே?"

"மறுபடியும் முதல்லேருந்தா? சுசாலா அண்ணே, ரொம்பக் கஷ்டம். கொஞ்சம் உதவி பண்ணுங்க."

"சரி, சரி. உனக்காக" என்று தர்மேந்திரன் சம்மதித்தார்.

மானிட்டர் மேசை மாறியது.

வேண்டாமென்றால் அதைத் தனக்குத் தந்திருக்கலாமே என்று ஷாந்தினிக்கு ஆத்திரம். ஃபைல் அலமாரிப் பக்கம் ஒதுங்கிப்போய், ஃபோனில் தோழிக்குத் தட்டினாள்: 'எங்க ஆபீஸ் கிழவிக்குக் கண்ணு அவுட். ஆனா ஆட்டம் மட்டும் குறையல.'

"கிழவியெல்லாம் இல்லம்மா. இன்னும் அம்பது ஆகல."

ஷாந்தினி திடுக்கிட்டுத் திரும்பினாள். ஐந்தாறு அடி தள்ளி, கையில் மைலோ கோப்பையுடன் திலகா நின்றுகொண்டிருந்தாள். கண்ணில் கண்ணாடிகூட இல்லை.

"அக்கா... அங்கேருந்தேவா படிச்சீங்க?"

"ம்."

"அப்ப கண்ணுக்குச் சரியா படலன்னு பாஸ்கிட்ட சொன்னது?"

திலகா கண்ணால் ஜாடை காட்டினாள். ஷாந்தினி மெல்ல தர்மேந்திரன் பக்கம் பார்த்தாள். இத்தனை நாள் ஸ்கிரீனில் மூக்கு இடிக்கக் குனிந்து தட்டுகிற மனுஷன், இன்று நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி தட்டிக்கொண்டிருந்தார்.

"அவரு சம்சாரம் மீனம்மாக்காவைக் கோயில்ல பாத்தேன்" என்றாள் திலகா, குரலைத் தாழ்த்தி. "ரெண்டு கண்லயும் புரையாம். தீபாவளிக்குப் பிறகு ஆபரேஷன். ஆபீஸ்ல தெரிஞ்சா வேலை போயிடும்னு யார்கிட்டயும் மூச்சு விடாம இருக்காராம். ராத்திரி ராத்திரி அழறாராம்."

ஷாந்தினி ஃபோனில் இருந்ததை அழித்தாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"இதுக்கு ஏன்க்கா இவ்ளோ நாடகம்? மானிட்டரை நேரா அவர்கிட்டயே குடுத்திருக்கலாமே?"

திலகா மைலோவை ஒரு மடக்குக் குடித்தாள்.

"நேரா குடுத்தா, நமக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சிடும்லா."