மேட்டில் கிடந்த மூன்று கூடுகள்

சுட்டுக் காலியான மூன்று பித்தளைத் தோட்டாக் கூடுகளை ஷெரிஃப் டாலன் பட்டறை மேஜையில் உருட்டிவிட்டபோதே, தன் மகன் கொலைகாரனாகிவிட்டான் என்பது வெர்லினுக்குப் புரிந்துபோயிற்று.

"லைலோட மேய்ச்சல் மேட்டுல கிடந்துச்சு. மூணும் ஒரே இடத்துல," என்றார் டாலன், தொப்பியிலிருந்த பனியைத் தட்டியபடி. "இந்த மொன்டானாவுலயே தோட்டா விஷயத்துல உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. பார்த்துச் சொல்லு, யாரோடது?"

பார்க்கவே வேண்டியதில்லை. அடியில் கம்பெனி முத்திரைதான். ஆனால் கூடு கழுத்தாகக் குறுகும் இடத்தில் அந்தத் தோளின் சரிவு, வெர்லின் ஆறு வருஷம் வரைந்து வரைந்து கிழித்தது. கழுத்தை நெருப்பில் வாட்டி, அச்சில் அழுத்தி, ஒருமுறை சுட்டு வடிவத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு கூடாக அவரே உருவாக்கியது.

அந்தத் தோட்டா போகிற துப்பாக்கி உலகத்திலேயே ஒன்றுதான். போன வாரம் மகன் ரூடியின் பிறந்தநாளுக்கு அதைக் கொடுத்திருந்தார்.

சனிக்கிழமை பாரில், அத்தனை பேர் முன்னால் ரூடி கத்தியிருந்தான்: "என் நாயைக் கொன்ன லைலைச் சுடாம விடமாட்டேன்!" நேற்றுக் காலை துப்பாக்கியோடு போனவன் இன்னும் வீடு திரும்பவில்லை.

"என்னய்யா, புதுப் பொண்டாட்டியப் பார்க்குற மாதிரி பார்க்குறே? உன் சொந்தச் சரக்கா?"

"என்னோடதா? கண்ணாடியப் போட்டு அடியில என்ன இருக்குன்னு படி. ஊர்ல பாதிப் பய இதைத்தான் சுடுறான்."

"நேத்துச் சுட்டதா இருக்குமோ?"

"நேத்தா! கழுத்துல நீலம் பூத்திருக்கு பாரு. ஒரு வருஷமா மழையிலயும் வெயில்லயும் கிடந்திருக்கு."

நீலம் பூத்தது வெர்லின் வாட்டிய நெருப்பில். அதற்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

டாலன் கூடுகளைப் பொறுக்கிப் பையில் போட்டார். "ரூடி எங்க?"

"ரெண்டு நாளாக் காய்ச்சல். உள்ள தூங்குறான். எழுப்பட்டுமா?"

"வேணாம், விடு. தூங்கட்டும்." டாலனின் முகம் லேசானது. "அப்ப இந்தக் காத்துல நான் மலையேற வேண்டியதில்ல. முட்டி ரெண்டும் கெஞ்சுதுய்யா."

மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்க வெர்லினுக்குத் துணிவில்லை. கேட்டால் லைலின் பிணத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

வண்டிச் சத்தம் தேய்ந்ததும் வேலையில் இறங்கினார். மிச்சமிருந்த கூடுகளைச் சுத்தியலால் நசுக்கினார். வரைபடங்கள் அடுப்புக்குள் போயின. அச்சும், துப்பாக்கியில் தோட்டா அறை குடையும் கருவியும் ஆற்றுக்குள். அடுத்த மாதம் வேட்டைப் பத்திரிகையில் அவர் பெயரோடு வரவிருந்த தோட்டா அது.

போகட்டும். பையன் இந்நேரம் கனடா எல்லையை நெருங்கியிருப்பான்.

"ஓடுடா," என்று முணுமுணுத்தார். "எங்கயும் நிக்காம ஓடு."

இரண்டு நாள் பனிப்புயல். தொலைபேசி செத்துக் கிடந்தது. மூன்றாம் நாள் காலை கதவு தட்டப்பட்டது.

திறந்தார். லைல் நின்றிருந்தான்.

உயிரோடுதான். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்திருந்தான். பின்னால் அவனுடைய பனிவண்டியில் கம்பளி சுற்றிய நீளமான ஏதோ ஒன்று. பக்கத்தில் ரூடியின் துப்பாக்கி.

வெர்லின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"மேட்டுக்கு அந்தாண்ட, ஓடைப் பள்ளத்துல கிடந்தான். கால் முறிஞ்சிருக்கு. ஆனா சட்டுனு போயிடலய்யா வெர்லின். நெருப்பு மூட்டப் பார்த்திருக்கான். ஒரு நாளாவது உயிரோட இருந்திருப்பான்." லைல் பனிவண்டியைத் திரும்பிப் பார்த்தான். "எனக்கும் அவனுக்கும் ஆகாதுதான். அதுக்காக விட்டுட முடியுமா? அன்னிக்கு இருட்டுனப்புறம், வழி தவறினவன் உதவிக்குச் சுடுற மாதிரியே மூணு வெடி கேட்டுச்சு. மறுநாள் விடிஞ்சதும் ஏறிப்போய் அந்தக் கூடுகளைப் பொறுக்கி ஷெரிஃப்கிட்டக் குடுத்ததே நான்தான்."

வெர்லின் பனியில் இறங்கி வண்டியை நோக்கி நடந்தார்.

"தேட வேணாம்னு அந்த ஆளுக்கு எவன்யா சொன்னான்?"