இடது இறக்கை

"பழகிப் பாக்கச் செஞ்ச சின்ன விமானம் அம்பு மாதிரி போச்சே கெம்பா! பெருசு மட்டும் ஏன் இடது பக்கமே சாஞ்சு விழுது?" கிழிந்த காகிதத்தை உரித்துக்கொண்டே கேட்டான் ருத்ரப்பன்.

மூங்கில் குச்சியாலும் காகிதத்தாலும் அவன் செய்த இரண்டாவது விமானம் அது. இது ஏரியை நேராகத் தாண்டிவிட்டால் மறுநாளே பெங்களூர் போய் விமானப் படையில் சேர்ந்துவிடுவதாக மாரண்டஹள்ளி முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். யுத்தம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது.

"நாளைக்குச் சந்தை. ஊரே ஏரிக்கரைக்கு வரும். நேராப் போயிடுமில்ல?"

"போவுமுங்க. நீங்க குளிச்சுட்டு வாங்க, நான் காகிதம் ஒட்டி வெக்கிறேன்" என்றாள் மனைவி கெம்பம்மாள்.

அவன் கிணற்றடிக்குப் போனதும் இடது இறக்கைக்குள் விரலை விட்டாள். அவன் யுத்தத்துக்குப் போய்விடக் கூடாதென்று போன வாரம் அவள் ஒளித்து வைத்த களிமண் உருண்டை பத்திரமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் மண் சேர்க்கலாமென்று விரலை உள்ளே தள்ளியபோது, இறக்கையின் நுனியில் இன்னொரு உருண்டை தட்டுப்பட்டது.

அது அவள் வைத்ததல்ல. அந்த விமானத்தை அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் தொட்டதுமில்லை.

பிறகு தன் உருண்டையை எடுத்து வெளியே எறிந்தாள். மற்றதை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் காகிதத்தை ஒட்டினாள்.

"ஒட்டிட்டியா?" ஈரத்தலையோடு வந்து நின்றான் ருத்ரப்பன்.

"ஒட்டிட்டேனுங்க. நாளைக்கும் சாஞ்சா சாயட்டும். சிரிக்கிறவங்க சிரிச்சுட்டுப் போகட்டும்."